"சும்மாதான் இருக்கேன்" என்று சொன்னால் என்ன கணக்கு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



2023-24-ல் நாட்டில் வேலையின்மை 3.2 சதவீதம் என்று அரசு கணக்கு சொன்னது. "நம்ம ஊர்ல பாதிப் பேர் வேலை இல்லாமத்தானே இருக்கோம், இது எப்படி?" என்று நமக்குக் கேட்கத் தோணும். நியாயமான கேள்விதான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களை எண்ணிச் சொல்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது வேறு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்து ஆட்கள், தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு நேரில் வந்து கேட்டு எழுதுகிறார்கள். அந்த வருஷம் நாடு முழுக்கச் சுமார் 1 லட்சம் வீடுகளில் கேட்டார்கள்.

15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் யார் வேலை செய்கிறார், யார் வேலை தேடுகிறார் அல்லது கிடைத்தால் வரத் தயார் என்று பார்க்கிறார்கள். இந்த இரண்டு கூட்டம் மட்டும்தான் கணக்கில் வரும். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர், படிப்பவர், முடியாத பெரியவர் எல்லாம் வெளியே.

நம்ம குழுக் கணக்கு மாதிரியே போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 100 பெண்கள். 40 பேர் வேலை செய்கிறார்கள், 2 பேர் தேடுகிறார்கள். 100-க்கு 2 என்று வகுக்கக் கூடாது. 42-க்கு 2, அதாவது சுமார் 4.8 சதவீதம். மீதி 58 பேர் எங்கேயும் இல்லை. அதில் 8 பேர், "பக்கத்துல வேலை கிடைச்சா நாளைக்கே வர்றோம், வருஷம் பூரா அப்படித்தான் இருக்கோம்" என்று சொல்லியிருந்தால்? 50-க்கு 10. இருபது சதவீதம்! ஊர் அதே ஊர்தான், பதில்தான் மாறியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டுக்காரர் கடையில் சம்பளமில்லாமல் நிற்பதும் அவர்கள் கணக்கில் வேலைதான். மாடு வைத்துப் பால் ஊற்றுவதும், கூலிக்குப் பூ கட்டுவதும் வேலைதான். வருஷத்தில் 30 நாளாவது செய்த துணை வேலையையும் சேர்க்கிறார்கள். வாரக் கணக்கு என்று தனியாக ஒன்று உண்டு. அதில் 7 நாளில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர்! ஒரு மணி நேரக் கூலியில் என்ன வாங்க முடியும் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. ஆனால் விறகு பொறுக்கி, தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளை பார்ப்பது மட்டும் வேலையில்லையாம். இது நமக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் விதி இன்றைக்கு அதுதான்.

2023-24-ல் வேலைக் கணக்கில் வந்த பெண்கள் 100-க்கு 41.7 பேர்தான். ஆண்கள் 78.8.

ஆகவே கணக்கெடுப்பாளர் வந்தால் "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகாதீர்கள். இல்லாததைச் சொல்ல வேண்டாம். ஆடு, தையல், வயல் வேலை, எத்தனை நாள் என்று இருப்பதைச் சொல்லுங்கள். வேலைக்கு வர விருப்பம் இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பல வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒருவரே பதில் சொல்லிவிடுகிறார். 2025 முதல், தேர்வான வீட்டுக்கு நான்கு தடவை வருகிறார்கள். முதல் தடவை மாமனார் சொல்லியிருந்தாலும், அடுத்த தடவை நாம் முன்னால் வந்து உட்காரலாம்.