குடிநோயும் ஊராரின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த பயிற்சி வகுப்பு ஒன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மாட்டுக்குக் கோமாரி கண்டால் எங்கே ஓட்டிச் செல்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெற்பயிரைப் புகையான் தாக்கினால் எந்த அலுவலரை அணுகுவது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால், குடியை விட விரும்பியும் விட முடியாமல் தவிக்கும் ஒரு மனிதரை எங்கே அழைத்துச் செல்வது என்று கேட்டால், பெரும்பாலான ஊர்களில் மௌனமே விடையாக வருகிறது. அந்த மௌனத்தை நீக்கும் வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இது சிறிய குறையன்று. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் மருத்துவர்கள் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகளை மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றார் என்றும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவரே என்றும் அந்த ஆய்வு கூறுகிறது. மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய மனைவி மக்கள் நம் கண்ணெதிரே வாடுகிறார்கள்.

மதுவிலக்கைப் பற்றி நம் நாட்டில் நெடுங்காலமாக வாதம் நடந்து வருகிறது. 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் அது பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டது. அதன் பின்னரும் பல மாறுதல்கள் நேர்ந்தன. சட்டம் எவ்விதம் இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்குள் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால், இன்று நோயுற்றிருப்பவர் அந்த வாதம் முடியும் வரை காத்திருக்க இயலாது. அவருக்கு வேண்டுவது சிகிச்சை.

நோய் என்று அறிதல்

குடிப்பவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆனால், நாள் செல்லச் செல்ல அளவு கூடி, குடிக்காவிட்டால் உடல் நடுங்கி, வேலையும் குடும்பமும் கெடுவதை அறிந்தும் நிறுத்த முடியாத நிலை வருமாயின் அது நோய். அதைத் திமிர் என்றோ மன உறுதியற்ற தன்மை என்றோ சொல்லி ஒதுக்குவதால் பயனில்லை. கோரைப்புல்லின் தலையை மட்டும் கொய்தால் கிழங்கிலிருந்து மீண்டும் தழைக்கும். வசவும் அடியும் அபராதமும் அப்படித்தான். மேலே கொய்யுமேயன்றிக் கிழங்கைத் தொடுவதில்லை.

நோயை அறிய, அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நான்கு எளிய கேள்விகள் உதவும். குடியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கே எப்போதாவது தோன்றியதுண்டா? உங்கள் குடியைப் பிறர் குறைகூறும்போது எரிச்சல் கொண்டதுண்டா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி அடைந்ததுண்டா? காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீர முதலில் மதுவைத் தேடியதுண்டா? இவற்றுள் இரண்டுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலே மருத்துவரைக் காண்பது நல்லது. நான்காவது கேள்விக்கு 'ஆம்' என்பவரைத் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள்.

திடீரென நிறுத்துவதிலுள்ள அபாயம்

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கையைக் கூற வேண்டும். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விடுவதும், சபரிமலைக்கு மாலையணிந்து 48 நாள் விரதம் காப்பதும் நம்மிடையே உள்ள வழக்கங்கள். அவற்றால் நல்வழி பெற்றோரும் உண்டு. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால், அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை தோன்றலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இல்லாத குரல்கள் காதில் கேட்கும். இதைக் கண்டு பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. அவ்வாறு செல்லும் நேரத்தில் உயிரே போய்விடலாம். 108க்குத் தொலைபேசி செய்து உடனே மருத்துவமனையில் சேர்ப்பதே முறை.

மருத்துவமனையில் தக்க மருந்துகளைக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் இந்த இடரைக் கடக்கச் செய்வார்கள். பி-1 உயிர்ச்சத்து ஊசியும் போடுவார்கள். 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடுவார்' என்று கேட்பது நம்மவர் வழக்கம். பி-1 சத்துக் குறைந்தவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு நேரக்கூடும். ஆகையால், எதை முதலில் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒருவர் விரதம் இருக்க முடிவு செய்தால், அதற்கு முன்னரே அரசு மருத்துவரைக் கண்டு வரச் சொல்லுங்கள். மருந்தும் விரதமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எங்கே செல்வது?

முதற் படி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அங்குள்ள மருத்துவர் உடல்நிலையைச் சோதித்து, மேலே யாரிடம் அனுப்புவது என்று சீட்டு எழுதித் தருவார். அடுத்தது, மாவட்ட மனநலத் திட்டம். இத்திட்டத்தின்படி மனநல மருத்துவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பதோடு, குறித்த நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார். உங்கள் வட்டத்திற்கு அவர் வரும் கிழமை எது என்பதைக் கேட்டறிந்து வைத்திருப்பது பாதி வேலை முடிந்ததற்குச் சமம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மேலும், 'கலங்கரை' என்னும் பெயரில் போதை மீட்புச் சிகிச்சை மையங்கள் 25 இடங்களில் 2025ஆம் ஆண்டில் தமிழக அரசால் திறக்கப்பட்டன. கஞ்சா, போதை மாத்திரை முதலியவற்றுக்கு அடிமையான இளைஞர்களுக்கும் செல்லும் வழி இதுவே.

தொண்டு நிறுவனங்கள் மத்திய அரசின் உதவியுடன் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உள்ளன. அருகிலுள்ள மையம் எது என்பதை 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் உண்டு. தமிழக அரசின் 104 எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். குடித்தவர் தாமே பேச வேண்டும் என்பதில்லை. மனைவியோ, தாயோ, ஊராட்சி உறுப்பினரோ பேசலாம்.

தனியார் இல்லங்களைத் தேர்ந்தெடுத்தல்

தனியார் நடத்தும் இல்லங்களில் நன்கு நடைபெறுபவை உண்டு; அல்லாதவையும் உண்டு. வீட்டிலுள்ள கடைசி நகையையும் விற்றுப் பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். மாநில மனநல ஆணையத்தில் அந்த இல்லம் பதிவு செய்யப்பட்டுள்ளதா? மருத்துவரும் செவிலியரும் உண்மையாகவே இருக்கிறார்களா? உறவினர் வந்து பார்க்க அனுமதி உண்டா? மொத்தச் செலவை முன்னதாக எழுத்தில் தருகிறார்களா? இல்லத்திலிருந்து திரும்பிய பின் தொடர்ந்து பார்ப்பார்களா? இவற்றுக்கு நேரான விடை கிடைக்காவிட்டால் திரும்பிவிடுங்கள்.

அடிப்பதும் சங்கிலியிட்டுப் பிணைப்பதும் சிகிச்சையாகா. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மது, போதைப் பொருள்களால் வரும் நோய்களும் அச்சட்டத்தின் வரம்புக்குள் அடங்கும்.

'சோற்றில் கலந்து கொடுத்தால் அவருக்குத் தெரியாமலே குடி மறந்துபோகும்' என்று விற்கப்படும் பொடிகளையும் நம்ப வேண்டாம். டைசல்பிரம் என்னும் மாத்திரை ஒன்று உண்டு. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிராபத்தும் நேரலாம். நோயாளி அறிந்து, ஒப்பி, மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ளும்போதுதான் அது மருந்து. மறைத்துக் கொடுத்தால் அதுவே நஞ்சாகும்.

மஞ்சக்குடி காட்டிய வழி

நகரத்து மருத்துவமனைக்குச் செல்லக் கிராமத்தார் தயங்குவது இயல்பே. வேலை கெடும், பேருந்துச் செலவு ஆகும், பிறர் அறிந்தால் வெட்கம். இத்தடைகளுக்கு ஊரே விடை காண முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. குடிநோயால் தம் கணவரை இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடியில் 1989ஆம் ஆண்டு முதல் சிகிச்சை முகாம்களை நடத்தியது. மருத்துவர்களும் ஆலோசகர்களும் ஊரைத் தேடி வந்தனர். முகாம் 15 நாள் நடந்தது. மருந்தோடு அறிவுரையும் தரப்பட்டது. குடும்பத்தாரும் அதில் பங்கு கொண்டனர். முகாம் முடிந்த பின்னரும் தொடர்ந்து கண்காணித்தனர். திருமதி சாந்தி ரங்கநாதன் அவர்களுக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், சிகிச்சையில் மருத்துவரின் பங்கு ஒரு பாதி; ஊராரின் பங்கு மற்றொரு பாதி.

திரும்பி வந்த பின்

நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் வேர்பிடிக்கும் வரை வாடித்தான் நிற்கும். அப்போது அதற்குத் தண்ணீரும் காவலும் வேண்டும். சிகிச்சை பெற்றுத் திரும்பியவரின் முதல் சில மாதங்களும் அப்படிப்பட்டவையே. பழைய நண்பர்கள் அழைப்பார்கள். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று வற்புறுத்துவார்கள். அறுவடைக் கூலி கைக்கு வரும் நாள் மிகவும் சோதனையான நாள். அவரை அன்புடன் வேலைக்கு அழைப்பவரும், கூலியோடு மது வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை விடுபவரும் அவருக்குப் பேருதவி செய்பவராவர்.

சிலர் மீண்டும் ஒருமுறை தவறக்கூடும். அதனால் சிகிச்சை வீண் என்று முடிவு கட்டலாகாது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை மீண்டும் ஏறினால் அவரைக் கைவிடுகிறோமா? மருத்துவரிடம் மறுபடியும் அனுப்புகிறோம். இங்கும் அதுவே முறை.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பு 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. நம் மாநிலத்திலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. கட்டணம் இல்லை, பெயர் வெளியிடுவதும் இல்லை. அருகில் அத்தகைய கூட்டம் இருப்பின் விசாரித்து அனுப்புங்கள்.

ஊராட்சி செய்யத் தக்கவை

முதலாவதாக, மனநல மருத்துவர் வரும் கிழமை, இடம், மேலே கூறிய தொலைபேசி எண்கள் ஆகியவற்றை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வையுங்கள். இரண்டாவதாக, கிராமசபைக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். ஆனால், குடிப்பவர் இன்னார் என்று சபையில் பெயர் சொல்ல வேண்டாம். வெட்கப்பட்டவர் மறைவாரேயன்றி மருத்துவரிடம் வரமாட்டார். மூன்றாவதாக, நோயாளியுடன் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல இருவரை அமர்த்துங்கள். சிகிச்சையால் குடியை விட்ட ஒருவர் ஊரில் இருந்தால் அவரே சிறந்த துணை. நான்காவதாக, மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு கலந்து பேசுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை முதலில் அறிபவர்கள் அவர்கள்தாம். வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் பெண், கணவர் குணமாகும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லலாகாது. பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. சுவரில் எழுத ஒரு டப்பா வண்ணமும், துணை செல்வோருக்குப் பேருந்துக் கட்டணமும் போதும்.

பெரியோர்களே! பெற்ற விளைச்சலைக் கணக்கிடுவது போல, அழிந்த விளைச்சலையும் நாம் கணக்கிட வேண்டும். உழைக்கும் வயதில் ஒருவர் மாண்டால் ஒரு நிலம் தரிசாகிறது. ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. 38 பேரில் ஒருவர் என்ற கணக்கை நாடு முழுவதற்கும் ஒரே நாளில் மாற்றிவிட நம்மால் இயலாது. ஆனால், நம் ஊரில் சிகிச்சை வேண்டுவோர் எத்தனை பேர் உண்டோ, அத்தனை பேருக்கும் வழி தெரியுமாறு செய்ய நம்மால் இயலும். அந்தப் பணியை இந்த மாதமே தொடங்குமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.