விடுதிப் பிள்ளைகளும் நுளம்பு வலையும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் மிகச் சிறிய ஓர் உயிரினத்தைப் பற்றியது. அல்-குர்ஆனில் சூரத்துல் பகராவின் 26ஆவது வசனத்திலே நுளம்பு உவமையாக எடுத்தாளப்பட்டிருக்கின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். அற்பமென்று நாம் கையால் தட்டிவிடும் அந்த நுளம்பு, நமது நாட்டின் வரலாற்றிலே எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதை இளந்தலைமுறையினர் பலர் அறியமாட்டார்கள்.

மாத்தளை மாவட்டத்திலும் அயல் மாவட்டங்களிலும் உள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து பாடசாலை விடுதிகளிலும் மத்ரஸா விடுதிகளிலும் தங்கிக் கல்வி கற்கின்றார்கள். பத்து வயதுப் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கின்றார்கள். வீட்டிலென்றால் உம்மா இரவில் எழுந்து போர்வையைச் சரிசெய்வார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை அறிந்துகொள்வார். விடுதியிலே நாற்பது, ஐம்பது பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் உறங்குகின்றார்கள். அங்கே அவர்கள் நம் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இத்தகைய விடுதிகளுக்கு நுளம்பு வலை சேகரித்துக் கொடுக்க இளைஞர்கள் முன்வருவது வரவேற்கத்தக்கது. ஆனால் வலையை வாங்கி வாசலில் ஒப்படைத்துவிட்டு வருவதால் பணியின் பாதிகூட நிறைவேறுவதில்லை. ஏன் அவ்வாறு கூறுகின்றேன் என்பதை விளக்குவதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நமது மாவட்டத்தின் தெற்கே மாத்தளை, உக்குவளை, றத்தோட்டைப் பகுதிகள் மழைவளம் மிக்க மலைப்பாங்கானவை. வடக்கே தம்புள்ளப் பகுதி உலர் வலயத்தைச் சேர்ந்தது. நமது நாட்டில் மலேரியாவைப் பரப்பிய பிரதான நுளம்பு அனோபிலிஸ் இனத்தைச் சேர்ந்தது. ஆறு வற்றும்போது ஆற்றுப்படுக்கையில் தேங்கி நிற்கும் தெளிந்த நீர்க்குட்டைகளிலே அது முட்டையிடும். இரவில் வந்து கடிக்கும். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. அதனைத் தொடர்ந்து 1935 வரை பரவிய கொள்ளைநோயிலே ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். குருநாகல், கேகாலைப் பிரதேசங்கள் பேரழிவைக் கண்டன.

அந்நாளிலே தொண்டர்கள் செய்த ஒரு காரியம் நமது இளைஞர்களுக்குப் பயன்படும். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா போன்றோர், கேகாலைக் கிராமங்களுக்குள் சென்று நிவாரணப் பணியில் ஈடுபட்டனர். மருந்து மாத்திரம் போதாது, பட்டினியால் மெலிந்த உடல் நோயைத் தாங்காது என்பதை அங்கே சென்று கண்டதனால், அவர்கள் பருப்பும் மார்மைட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என்ன தேவை என்பதை நோயாளியின் வீட்டு வாசலில் நின்று அறிந்துகொண்டார்கள். கொழும்பிலிருந்தவாறே தீர்மானித்திருந்தால் பருப்பு நினைவுக்கு வந்திருக்குமோ தெரியாது!

பின்னர் டீ.டீ.டீ. தெளிப்பினால் மலேரியா வெகுவாகக் குறைந்து, 1963இலே நாடு முழுவதிலும் 17 நோயாளர் மாத்திரமே பதிவாகினர். வெற்றி கிட்டிவிட்டதென்று கவனம் தளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் 1960களின் இறுதியில் நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. மறுபடியும் பல தசாப்த காலப் போராட்டம். மருந்தூட்டப்பட்ட நீடித்துழைக்கும் வலைகளும் அதில் ஓர் ஆயுதமாயின. சுதேச மலேரியாவின் இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆயினும் வெளிநாடுகளிலிருந்து நோயைச் சுமந்து வருவோர் இருக்கின்றனர். இரத்தினக்கல் வியாபாரத்துக்காக மடகாஸ்கர் போன்ற ஆபிரிக்க நாடுகளுக்குச் சென்று திரும்பும் நம்மவர்கள், காய்ச்சல் கண்டால் பயண விபரத்தை வைத்தியரிடம் தவறாமல் கூற வேண்டும்.

இப்போது நமது பிள்ளைகளை அச்சுறுத்துவது டெங்கு. 2017ஆம் ஆண்டிலே மாத்திரம் நமது நாட்டில் 186,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு உள்ளானதாகப் பதிவாகியது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பகலிலே கடிப்பது. அதிகாலையிலும் சூரிய அஸ்தமனத்துக்கு முந்திய வேளையிலும் அதன் தாக்குதல் அதிகம். அதாவது ஸுபஹுக்குப் பின் பிள்ளைகள் ஓதுவதற்கு அமரும் நேரமும், அஸருக்குப் பின் விளையாடும் நேரமும்! அவ்வேளையிலே வலை கட்டிலின் மேல் சுருட்டிக் கிடக்கும்.

அப்படியானால் வலை எதற்கு என்று கேட்பீர்கள். ஸுபஹுக்குப் பின் சற்றுக் கண்ணயரும் பிள்ளைக்கும், நண்பகலில் கைலூலா உறங்கும் பிள்ளைக்கும் வலை வேண்டும். இரவில் கடிக்கும் ஏனைய நுளம்புகளிலிருந்து நிம்மதியான உறக்கத்தையும் அது தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்குப் பகலிலும் வலை வேண்டும். டெங்குக் காய்ச்சலின் முதல் நான்கைந்து நாட்களில் நோயாளியைக் கடிக்கும் நுளம்பு கிருமியைப் பெற்றுக்கொண்டு, ஏறத்தாழ பத்து நாட்களின் பின் பக்கத்துக் கட்டில் பிள்ளையைக் கடிக்கும்போது நோயைக் கொடுத்துவிடுகின்றது. நோயாளியைச் சுற்றிய வலை மண்டபம் முழுவதற்கும் பாதுகாப்பு. எனவே நோயாளர் அறைக்கென இரண்டு மூன்று வலைகளை வேறாக ஒதுக்கி வையுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர்ந்த அஸ்பிரின், புரூபன் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கலாகாது; வைத்தியரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது. இதனை விடுதிப் பொறுப்பாளரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

இளைஞர்களே, வலை வாங்கக் கடைக்குச் செல்லுமுன் விடுதிக்குச் செல்லுங்கள். கட்டில்களை எண்ணுங்கள், அளவெடுங்கள். பல விடுதிகளில் இரண்டு தட்டுக் கட்டில்களே இருக்கின்றன. ஒற்றை ஆணியில் தொங்கும் வட்ட வலை மேல்தட்டுக்குப் பொருந்தினாலும் கீழ்த்தட்டுக்குப் பொருந்தாது; அங்கே நான்கு மூலையிலும் கட்டும் சதுர வலை வேண்டும். மெத்தையின் கீழ் செருகுவதற்குப் போதிய நீளம் இருக்கின்றதா? உறங்கும் பிள்ளையின் கை வலையில் ஒட்டிக்கொண்டால் நுளம்பு வெளியே இருந்தே கடித்துவிடும் என்பதால் அகலத்தையும் பாருங்கள். பாயில் உறங்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் எண்ணிக்கையில் சேருங்கள். சமையற்காரரையும் காவலாளியையும் மறந்துவிட வேண்டாம். கயிறும் கொளுக்கியும் வலையோடு சேர்ந்தே போகட்டும். அவை இல்லாத வலை அலுமாரிக்குள்ளேதான் உறங்கும்.

மருந்தூட்டப்பட்ட வலையாயின், பொதியைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலிலே காற்றாட விட்டுப் பின்னர் கட்ட வேண்டும். மென்மையான சவர்க்காரத்தால் கழுவி நிழலிலே உலர்த்த வேண்டும். கொளுத்தும் வெயிலில் காயவைத்தால் மருந்தின் வீரியம் குன்றும். இத்தகைய வலைகள் இருபது தடவை கழுவினாலும் மூன்றாண்டு வரை பயன்தரக்கூடியவாறு தயாரிக்கப்படுகின்றன. கிழிந்ததைத் தைக்க ஊசியும் நூலும் கொடுத்துப் பிள்ளைகளுக்கே பழக்குங்கள்.

அடுத்து, விடுதியின் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். வுழூச் செய்யும் ஹவ்ழு, பாவிக்கப்படாத கழிவறைத் தொட்டி, கூரைப் பீலி, சிரட்டை, யோகட் கோப்பை. முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் அல்லது சற்று அதிகமான காலமே செல்லும். ஆகவே வாரம் ஒருமுறை துப்புரவு அவசியம். தண்ணீரை ஊற்றிவிட்டால் மாத்திரம் போதாது. ஏடிஸின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் ஈரமின்றியும் உயிர்வாழும். தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமையாக்க முடியாத ஹவ்ழிலே குடம்பிகளை உண்ணும் கப்பி மீன்களை விடலாம். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுங்கள். அவர் தண்டப்பணம் அறவிட மாத்திரம் வருபவர் என்ற அச்சம் நம்மவரிடம் தேவைக்கு மேல் இருக்கின்றது. இந்நுளம்பு சில நூறு மீற்றர் பறக்கக்கூடியது. அடுத்த வளவு பன்சலையாகவோ கோவிலாகவோ இருப்பின் அவர்களையும் சேர்த்துச் சிரமதானம் செய்யுங்கள்.

பெற்றோர்களிடமும் ஒரு வார்த்தை. வசதியுள்ளவர்கள் தம் பிள்ளையின் வலையைத் தாமே வாங்கிக் கொடுங்கள். சேகரித்த நிதி வசதியற்ற பிள்ளைக்குப் போகட்டும். ஆனால் எந்தக் கட்டிலில் தொங்குவது யார் கொடுத்த வலை என்பது தெரியாதவாறு எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். கொடுத்ததைச் சொல்லிக் காட்டி நோவினை செய்வது தருமத்தைப் பாழாக்கிவிடும் என்று அதே சூரத்துல் பகராவின் 264ஆவது வசனம் எச்சரிக்கின்றது. வலையைக் கையில் கொடுத்துப் பிள்ளையை நிறுத்திப் படம் பிடிப்பதும் அந்த நோவினையில் சேருமா என்பதைப் படம் பிடிப்பவர் சிந்திக்கட்டும். வரவு செலவை மாத்திரம் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து, முன்னறிவித்தல் இன்றி, இஷாவுக்குப் பின் அந்த விடுதிக்கு ஒருமுறை போய்வாருங்கள். எத்தனை வலைகள் கட்டப்பட்டிருக்கின்றன, எத்தனை கிழிந்திருக்கின்றன, புதிதாக எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கின்றார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு வாருங்கள்.