நாவலப்பிட்டி தந்த குதிரைவீரன்



அமெரிக்கத் திரையிலே 1930களில் ஒரு புதுவகைக் கதாநாயகன் தோன்றினான். மாடு மேய்க்கும் குதிரைவீரன் அவன். இடையிலே துப்பாக்கி, கையிலே கிதார், வாயிலே பாட்டு. ஜீன் ஆட்ரி, ராய் ரோஜர்ஸ் முதலியோர் சொந்தக் குரலிலேயே பாடிப் புகழெய்தினர். அவர்களை ஒத்த ஒருவரைத் தமிழிலே தேடின், நம் தேடல் கண்டிக்குத் தெற்கே, மகாவலி பாயும் நாவலப்பிட்டியில் வந்து நிற்கும். எம். ஜி. இராமச்சந்திரன் 1917 சனவரி 17ஆம் நாள் அங்கேதான் பிறந்தார்.

தந்தையார் கோபால மேனன் மறைந்தபின், அன்னை சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணம் சேர்ந்தார். வறுமை அச்சிறுவனை மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் நாடக மேடையில் ஏற்றிற்று. 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவருடைய முதற்படம். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே கூலியாய் உழலும் ஒருவனின் கதை அது. மலைநாட்டிலே பிறந்தவருக்கு அதிலே கிட்டியதோ சிறியதொரு போலீஸ் வேடம்!

அக்காலத்திலே கதாநாயகன் தானே பாடவேண்டும். பாகவதரும் சின்னப்பாவும் கோலோச்சிய காலம். பின்னணிப் பாடல் முறை வேரூன்றிய பின்னரே பாடகரல்லாத நடிகருக்கு வழி திறந்தது. 1947இல் 'ராஜகுமாரி' அவரைக் கதாநாயகனாக்கிற்று. 1954இல் 'மலைக்கள்ளன்' படத்தில் டி. எம். சௌந்தரராஜனின் குரல் அவருக்கு வாய்த்தது. முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. ஆயினும் கேட்போர் செவிக்கு இரண்டும் ஒன்றாயின. 1964 பொங்கலுக்கு வந்த 'வேட்டைக்காரன்' படத்திலே, அமெரிக்கக் குதிரைவீரனின் உடையிலேயே அவர் தோன்றினார்.

அதே 1964இன் அக்டோபரில் மற்றொன்று நிகழ்ந்தது. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்த மலையகத் தமிழரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பின்னர் என ஒத்திவைக்கப்பட்டது. லயத்திலே பிறந்து லயத்திலே வளர்ந்தவர்கள் கணக்கேட்டின் எண்களானார்கள்.

நேயர்களே, எண்ணிப் பாருங்கள். இம்மலையை விட்டுக் குழந்தைப் பருவத்திலே சென்றவர், 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். 1987இல் மறைந்தபோதும் அப்பதவியிலேயே விளங்கினார். இம்மலையிலேயே தங்கிக் கொழுந்து கொய்தவர்களில், நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. திரையிலே ஏழையின் பக்கம் நின்று பாடிய அந்த வீரனை நாவலப்பிட்டி தன் மைந்தனெனப் பெருமையுடன் கூறலாம். அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்தோரையும் அதே பெருமையுடன் நினைவுகூர்தல் நம் கடன்.