148-க்கு 5

தெற்கு அட்லாண்டிக் கடலில் திரிஸ்தான் டா குன்யா என்று ஒரு தீவு. அதில் ஒரே ஓர் ஊர். ஆள் குடியிருக்கும் பக்கத்துத் தீவுக்குப் போக 2,400 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும். விமானம் கிடையாது. கேப்டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம், அதுவும் கடல் மனசு வைத்தால்!

சிங்கி இறால்தான் பிழைப்பு. கடல் அடங்கியிருக்கும் நாளில், விடியற்காலையில், கட்டித் தொங்கவிட்ட காலி கேஸ் சிலிண்டரைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். சத்தம் கேட்டால் படகு இறங்கும். கேட்காவிட்டால் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போகவேண்டியதுதான்.

1961 அக்டோபரில் ஊரை ஒட்டியே எரிமலை வெடித்தது. ஊரையே காலிசெய்து அத்தனை பேரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலை கிடைத்தது, டி.வி. கிடைத்தது. கூடவே சளியும் காய்ச்சலும் கிடைத்தன. அரசாங்கத்துக்கு இவர்களைத் திருப்பி அனுப்ப அவ்வளவாக மனமில்லை. இவர்களா விடுவார்கள்? ஓட்டெடுப்பு நடந்தது. திரும்பிப் போக வேண்டும் என்றவர்கள் 148 பேர். வேண்டாம் என்றவர்கள் 5 பேர்!

1963-ல் பெரும்பாலோர் ஊர் வந்து சேர்ந்தார்கள். வீடுகள் தப்பியிருந்தன, இறால் தொழிற்சாலையை எரிமலைக் குழம்பு விழுங்கியிருந்தது. மறுபடி கட்டினார்கள். அந்த இறால் இன்றைக்கு ஜப்பான், அமெரிக்கா வரை போகிறது.