காணா நட்பும் கைவிடா எழுத்தும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

புலவர் பெருமக்கள் நின்று பேச வேண்டிய இம்மேடையில், கணக்குத் துறையில் முப்பதாண்டு கழித்துவிட்டு வந்த ஒருவன் நிற்பது பொருந்துமோ என்று அஞ்சினேன். “தாங்கள் நாள்தோறும் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறீர்களாமே, அதைச் சொன்னால் போதும்” என்று செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். ஆதலின், என் ஓய்வு நேரம் ஒரு வாரத்தில் எவ்வாறு கழிகிறது என்பதையும், அப்பழக்கம் எனக்கு வாய்த்த காரணத்தையும் சொல்லி அமர்வேன்.

நாம் வாழும் இவ்வூரின் பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். கபிலர், இருங்கோவேளின் முன்னோர் துவரை என்னும் நகரை ஆண்டவர் என்று பாடியுள்ளார். அத்துவரையைக் கண்ணபிரானின் துவாரகை என்று கொள்வாரும் உளர். அது மெய்யாயின், வேளிர் அங்கிருந்து தெற்கே வந்தனர். நாமோ தெற்கிலிருந்து புறப்பட்டுக் கடலில்லாத வேறொரு துவாரகாவில் செக்டர் எண்களுக்கு நடுவே குடியேறியிருக்கிறோம். இது வேடிக்கைக்காகச் சொன்னது. நிற்க.

என் தந்தையார் 1956-ஆம் ஆண்டு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகத் தில்லிக்கு வந்தவர். அந்நாளில் வினய் நகர் எனப்பட்ட சரோஜினி நகரில் அரசுக் குடியிருப்பு. இரவு உணவு முடிந்ததும் அரை மணி நேரம் நாட்குறிப்பு எழுதுவார். விருந்தினர் வந்திருந்தாலும் அவ்வழக்கம் தவறாது. “அப்பா, இதை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று சிறு வயதில் கேட்டதுண்டு. அவர் விடை சொன்னதில்லை. மை உலர்வதற்காகச் சற்றுக் காத்திருந்து நோட்டை மூடிவிடுவார்.

அவர் மறைந்த பின்னர், 2004-ஆம் ஆண்டு, நாங்கள் துவாரகாவிற்கு வீடு மாறினோம். மெட்ரோ ரயில் இங்கு வந்து சேர்வதற்கு ஓராண்டு முன்பு அது. புதிய வீட்டில் இடம் போதாது என்று பழைய தாள்களை எல்லாம் மூட்டையாகக் கட்டி, தெருவில் கூவி வந்த கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். அம்மூட்டையுள் தந்தையாரின் நோட்டுகளும் போயின. போட்டவன் நான்தான். என் மனைவி, “பிரித்துப் பாருங்கள்” என்று இருமுறை சொன்னாள். நேரமில்லை என்றேன். மூன்று மாதம் கழித்து, சமையற்கட்டுப் பரணில் அரிசி டப்பாவின் அடியில் விரித்திருந்த ஒரே ஒரு நோட்டு கிடைத்தது. அது 1965-ஆம் ஆண்டினது.

அவ்வாண்டுச் செப்டம்பரில் போர் மூண்டபோது தில்லியில் விளக்கணைத்திருந்த இரவுகள், ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊரார் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த வடகம், என் தமக்கைக்கு வந்த அம்மை, துவரம்பருப்பின் விலை ஆகியவை அதில் உள்ளன. அதே 1965-இல்தான் நம் தில்லி மாநகரில் கஸ்தூரிரங்கன் அவர்கள் ‘கணையாழி’ இதழைத் தொடங்கினார். தந்தையார் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. இலக்கிய அன்பர்களுக்கு அது குறையாகத் தோன்றலாம். எனக்கோ பருப்பு விலையே பெரிதாகத் தோன்றுகிறது. ஏனைய நோட்டுகள் இருந்திருப்பின், ஒரு தமிழ்க் குடும்பம் தலைநகரில் வேரூன்றிய வரலாறு அவ்விலைகளின் வழியே விளங்கியிருக்கும்.

புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். அவர் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கிடம் துபாஷியாக இருந்தவர். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கி, 1761-இல் தாம் மறையும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். 1746-இல் சென்னைப் பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் அதில் உண்டு. கப்பல் வந்ததும், சரக்கு விற்றதும், ஊரார் பேசிக்கொண்டதும் உண்டு. மறைந்து 85 ஆண்டுகள் ஆன பின், 1846-இல் கல்வா மோம்பிரான் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டதால் அந்நாட்குறிப்பு வெளிவந்தது. பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அச்சேறியது. அவை கண்ணில் படாமல் எடைக்குப் போயிருக்குமாயின், பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் ஒருவரின் அன்றாடம் நமக்குக் கிட்டியிராது. பிள்ளையவர்களின் பிற்காலத்தவர் என்னைப் போல் அவசரக்காரர்களாக இல்லாதது நம் நல்வினை.

இழந்ததற்கு ஈடாகத்தான் நான் எழுதத் தொடங்கினேன் என்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கியிருக்கும். திங்கள் முதல் வியாழன் வரை காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நாட்குறிப்பு. வெள்ளியன்று ஒன்றும் எழுதுவதில்லை. வெள்ளிக்கிழமை வீட்டரசியின் ஆட்சி. சனி, ஞாயிறுகளில் மட்டும் பிறர் எழுதியதைத் திருத்தும் பணி. இக்கடைசிப் பணியைப் பற்றித்தான் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் வழியேதான், நேரில் ஒருமுறையும் கண்டிராத நண்பர்கள் எனக்கு வாய்த்தார்கள்.

காணாமலே நட்பா என்று இளைஞர் நகைக்க மாட்டார்கள். என் வயதினர் நகைப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும், பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் காணாமலே நண்பராயினர். மக்களோடு மாறுபட்டு வடக்கிருந்த சோழன், “பிசிரோன் வருவான், அவனுக்கு இடம் ஒழித்து வையுங்கள்” என்னும் கருத்துப்படச் சொன்னதும், சூழ இருந்தோர் ஐயுற்றதும், அவர் வந்தே விட்டதும் புறநானூறு காட்டும் செய்தி. திருக்குறளில் உணர்ச்சி ஒத்தலே நட்புக்குப் போதும் என்னும் இடத்தில், பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். அண்மைக் காலத்திலும், உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட பின், பாரிஸ் நகரத்து ஜூலியன் வின்ஸோன் என்னும் பேராசிரியர் தமிழிலேயே அவருக்குக் கடிதம் எழுதிப் பழகினார். தபால் கப்பலில் வந்த நட்பு அது.

நம் காலத்தில் இவ்வகை நட்பால் விளைந்த பெருஞ்செயல் மதுரைத் திட்டம் ஆகும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்துவந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் அதைத் தொடங்கினார். சூரிய ஒளியிலிருந்து மின்னாற்றல் பெறும் வழியை ஆராய்வது அவர் தொழில். தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றுவது ஓய்வுநேர வேலை. ‘மயிலை’ என்னும் எழுத்துருவையும் அவரே முன்னர் அமைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் அவர்கள் துணை நின்றார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் எதிர்பாராது ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்தனர். வேறொருவர் பிழை பார்த்தார். இவர்களை இணைத்தது மின்னஞ்சல் ஒன்றே. அத்தொகுப்பில் முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். ஒருவர் அனுப்பியது மற்றவர் திரையில் கோழி கிளறியது போல் தோன்றும். அத்தொல்லையையும் கடந்து, பின்னர் ஒருங்குறிக்கு அனைத்தையும் மாற்றினார்கள்.

அபுதாபியில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய யாழ்ப்பாணத்து மயூரநாதன் அவர்களையும் இவ்வரிசையில் நினைக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா கால்கொண்டபோது முன்னின்றவர் அவர். அலுவல் முடிந்த மாலைகளில் எழுதி எழுதியே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் சேர்த்தார். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாகி, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான துயரை அறிந்தவர்கள், ஈழத்தவர் 2005-இல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கிச் சிறு துண்டறிக்கையைக்கூட விடாது சேர்த்து வைக்கும் ஆர்வத்தின் காரணத்தை உணர்வார்கள்.

என் பங்கு மிகச் சிறிது. தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுள் 2,000-க்கும் மேற்பட்டவை படங்களாகத் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டுள்ளன. பொறி அப்படங்களைப் படித்து எழுத்தாக்கித் தருகிறது. ஆயின் பொறிக்குத் தமிழ் தெரியாது. துணைக்காலை ‘ர’ என்று படிக்கும்; ‘ர’வைக் கால் என்று படிக்கும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட நூலாயின், யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’களைக் கண்டு மிரண்டு நிற்கும். ஒருவர் வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்தினால் அப்பக்கம் மஞ்சள் நிறம் பெறும். அவரே அதைப் பச்சையாக்க இயலாது. இன்னொருவர் மீண்டும் பார்த்துச் சரி என்றால்தான் பச்சை. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யலாகாது என்னும் எங்கள் துறையின் விதி இது. ஆதலின் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நான் மஞ்சளாக்கும் பக்கங்களைப் பெரும்பாலும் பச்சையாக்குபவர் ஒருவர் இருக்கிறார். கடல் கடந்த நாட்டில் வாழ்பவர். ஆணா பெண்ணா என்பதையும் ஈராண்டு வரை அறியேன். ஒருமுறை, ‘ஐயா, இப்பக்கத்தில் ஒற்று நான்கு விடுபட்டுள்ளது, தங்களுக்கு உடல்நலம் இல்லையோ?’ என்று எழுதியிருந்தார். அன்று எனக்கு நல்ல காய்ச்சல். வீட்டில் எவரும் அதுவரை கவனித்திருக்கவில்லை!

தாய்மார்களே, இனி ஒரு வேண்டுகோள். நம் குழந்தைகளுள் தமிழ் பேசுவோர் பலர், எழுதுவோர் சிலர். நம் பகுதியிலிருந்து எட்டும் தொலைவில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஜனக்புரியில் உள்ளது. அதில் சேர்ந்தவர் பேறு பெற்றோர். ஏனையோர் பள்ளியில் தமிழ் இல்லை. ஓராண்டாக ஞாயிறு மாலைகளில் ஆறு பிள்ளைகள் என் வீட்டிற்கு வந்து, பழைய நூல்களின் பக்கங்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் படிக்கிறார்கள். பொறி செய்த பிழையைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. ஒரு பிழைக்கு ஒரு முறுக்கு என்பது ஒப்பந்தம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, வந்த புதிதில் ‘ழ’வும் ‘ள’வும் வேறறியாதவள், சென்ற மாதம் நானே விட்டுவிட்ட சந்திப்பிழை ஒன்றைச் சுட்டினாள். இரண்டு முறுக்கு கொடுத்தேன்.

அவர்கள் இப்பொழுது என் தந்தையாரின் 1965-ஆம் ஆண்டு நோட்டைத் தட்டச்சு செய்து வருகிறார்கள். மார்ச்சு மாதம் வரை முடிந்துள்ளது. அரிசி டப்பாவின் துரு பட்ட இடங்களில் சில வரிகள் தெரியவில்லை. ஊகித்து எழுத வேண்டா, புள்ளி வைத்து விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் இல்லங்களில் பரண் மேலும் கட்டில் அடியிலும் கடிதமோ, கணக்கு நோட்டோ, பாட்டியார் எழுதிய சமையற் குறிப்போ இருக்கும். வரும் தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது, கபாடிவாலாவைக் கூப்பிடுமுன் எனக்கு ஒரு குரல் கொடுங்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஏழாவது பிள்ளைக்கும் எட்டாவது பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. முறுக்கும் இருக்கிறது.