நாவுலவில் கடை கடையாய்



டொக்டர்மார் மேடையேறினால் சீனி வருத்தம், பிரஷர் என்று உபதேசம்தான் வரும் என்று நீங்கள் பயப்படுவது எங்களுக்குத் தெரியும். இன்று நாங்கள் கடைக்குப் போன கதையைத்தான் சொல்லப் போகிறோம். சீனி வருத்தம் அதற்குள்ளும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே நாவுல. உங்களில் பலர் பஸ்ஸில் நித்திரையிலேயே அதைக் கடந்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நாலந்த கெடிகே பார்க்க அந்தப் பக்கம் இறங்குவார்கள். போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் திரும்ப அடுக்கிய கற்கோயில் அது. அதைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. பக்கத்து ஊர்க் கடைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே நாங்கள் நாலு பேர் ஒரு காலையில் நாவுலச் சந்தியில் இறங்கி நடந்தோம்.

மலை இறங்கி வரண்ட நிலம் தொடங்குகிற இடம் என்பது கடைகளில் தெரிகிறது. ஒரு தட்டில் மிளகும் சாதிக்காயும், அடுத்ததில் பூசணியும் செத்தல் மிளகாயும். தேத்தண்ணிக் கடையில் பானும் பருப்பும் சாப்பிட்டோம். வெறுந்தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறார்கள் என்று எண்ணியவர் யார் என்று சொல்லமாட்டோம்.

உரக் கடையில்தான் அதிக நேரம் நின்றோம். மாத்தளை மாவட்டம் பெரிய வெங்காயத்துக்குப் பேர் போனது. விதைக்கிறபோது கொப்பியில் கடன், அறுவடைக்குப் பிறகு கணக்குத் தீர்ப்பது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே வருட நவம்பரில் தளர்த்தப்பட்டது. அடுத்த வருடம் நாடே வங்குரோத்து. "அந்தக் கொப்பி இன்னும் முடியல்ல, மிஸ்" என்றார் முதலாளி. ஒரு வீட்டில் உரக்கடன், பலசரக்குக் கடன், பிள்ளையின் டியூசன் காசு எல்லாம் கட்டியபின் மிஞ்சுவதில்தான் மருந்து.

அது எவ்வளவு என்று பாமசியில் பார்த்தோம். 2022க்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதுவது வழமையாகிவிட்டது. துண்டில் ஒரு மாதத்துக்கு என்றிருக்கும். கவுண்டரில் நின்ற தங்கச்சி கத்தரிக்கோலைக் காட்டினார். "பத்து நாளைக்கு வெட்டித் தாங்க என்றுதான் கேப்பாங்க, டொக்டர்." அடுத்த கிளினிக்கில் சீனி ஏறியிருக்கும். குளிசை போதவில்லையென்று அளவைக் கூட்டினால் அந்தப் பத்து நாள் ஏழு நாளாகிவிடும். கிளினிக் மேசைக்கு இந்தக் கத்தரிக்கோல் தெரியாது. இப்போது நாங்கள் "மருந்து போடுறீங்களா?" என்று கேட்பதில்லை. "எத்தனை குளிசை வாங்கினீங்க?" என்று கேட்கிறோம். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரையே எழுதுகிறோம், விலை குறைந்ததை வாங்கட்டும் என்று.

இன்னொன்று, வலிக்குளிசை. நாள் முழுக்கக் குனிந்து களை பிடுங்கியவர்கள் துண்டில்லாமலே இரண்டு இரண்டாக வாங்குகிறார்கள். அருகிலுள்ள வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து காரணம் துலங்காத சிறுநீரக நோய் விவசாயிகளைத்தான் வாட்டுகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் நிற்கும் உடம்புக்கு டைக்குளோபினெக் போன்ற குளிசைகள் சிறுநீரகத்தில் இன்னொரு சுமை. முதலில் பரசிட்டமோல் கொடுக்கலாமே என்றோம். கவுண்டர்த் தங்கச்சி சிரித்தார். "சொல்லிப் பாக்கிறன். மற்றதைத்தான் கேப்பாங்க."

எலஹெர வீதிப் பக்கத்துக் கடைகளுக்கு நாங்கள் போகவில்லை, வெயில் ஏறிவிட்டது. டிசம்பர் விடுமுறைக்கு வரும் சகோதரிகள் சொல்லுங்கள், சேர்ந்து நடப்போம். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவாருங்கள். வெங்காயம் அங்கேயே வாங்கலாம்.