ஊர் விட்டு ஊர் போகும்போது

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பிள்ளைகள் பலபேர் கொழும்புக்கும் மற்ற டவுன்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். சிலர் குடும்பத்தோடயே போய்விடுகிறார்கள். போன இடத்தில் எப்படிக் காலூன்றுவது என்று கேட்கிறீர்கள். அதற்குப் புத்தளக் கரையின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் எல்லாரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவு போட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். வடக்கு முழுவதிலும் ஏறக்குறைய 75,000 பேர் வெளியேறினார்கள். மன்னார்ப் பக்கத்து ஆட்கள் பலர் வள்ளங்களில் ஏறி, கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். நாமாக விரும்பி ஊர் மாறுவது வேறு, இது வேறு. ஆனாலும் மறுநாள் காலையில் அடுப்பு மூட்டத்தானே வேணும்?

அந்தக் கரை ஆட்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள். பிறகு கிடுகுக் கொட்டில்கள் வந்தன. நம்ம லயத்துக் காம்பராவையே குறை சொல்கிறோம். கிடுகோ மழைக்கு ஒழுகும், வெயிலில் ஒரு பொறி பட்டால் வரிசையே எரியும். கிணற்றுத் தண்ணி பல இடத்தில் உவர். டவுனில் கடை வைத்திருந்தவர்களும் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள். அங்கே தோட்டம் என்றால் தேயிலை இல்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போடுகிற மணல் நிலம். வீட்டைவிட்டு வேலைக்கே போகாத பெண்களும் அதில் இறங்கினார்கள்.

சங்கடம் பிறகுதான் வந்தது. ஆள் கூடினால் கூலி குறையும். பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை. உலர் உணவு நிவாரணம் வந்தவர்களுக்குக் கிடைத்தது, பக்கத்து வீட்டு உள்ளூர் ஏழைக்குக் கிடைக்கவில்லை. மனம் கசந்தது. இதில் உள்ளூராரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பது எங்கள் எண்ணம். ஆனால் 'அகதி' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. முகாமில் பிறந்து, வடக்கைக் கண்ணாலும் காணாத பிள்ளைக்கும் அதுதான் பேர். 'தோட்டக்காட்டான்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பெயர்ப் பதிவு. வாக்காளர் பதிவைப் புத்தளத்துக்கு மாற்றினால் ஊரில் உள்ள காணியும் உரிமையும் போய்விடுமோ என்ற பயம். மாற்றாவிட்டால் இருக்கிற இடத்தில் கேட்பார் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறி மன்னாருக்குப் போய் வாக்களித்தார்கள். 2019 நவம்பர் 16 அன்று அப்படிப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கியால் சுட்டார்கள். 2007இல் உலக வங்கி உதவியோடு வீட்டுத் திட்டம் வந்தபோதும், காணி யார் பெயரில் என்ற கேள்வி எழுந்தது. 1948 சட்டத்தால் பெயரில்லாமல் போன நம்ம பெரியவர்களில் பலர், 2003 சட்டம் வரும்வரை காத்திருக்கவில்லையா?

2009க்குப் பிறகு சிலர் வடக்குக்குத் திரும்பினார்கள். பலர் இரண்டு ஊரிலும் ஒவ்வொரு கால் வைத்திருக்கிறார்கள். இளையவர்களுக்குப் புத்தளமே ஊர்.

ஆகவே போகிற பிள்ளைகளிடம் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொடுத்தனுப்புங்கள். லயத்துப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். குடும்பமாகப் போகிறவர்கள், போன இடத்துக் கிராம சேவகரை முதல் மாதமே போய்ப் பாருங்கள். பெயர் எந்த ஊர் இடாப்பில் இருக்க வேண்டும் என்பதைப் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் கொஞ்சம் இருங்கள், கூட்டம் முடிந்ததும் நாங்கள் நிரப்பித் தருகிறோம்.